பதக்கம் எந்த மண்ணில் விளைகிறது

2000 ஆம் ஆண்டு செப்ரெம்பர் கடைசி. மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் சைக்கிளொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வன்னிக்குள் மின்சாரம் இல்லாத காலம். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். ஆகவே ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும், டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோ பாடும். சுற்றுகிறவரின் கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைத்துப்போகும்.

அன்று பின்னேரச் செய்தியில், சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வென்றார் என்று சொன்னார்கள். "சிங்களப் பெட்டை ஒண்டு வெண்டிட்டுதாம்" என்றார் முற்றத்தில் இருந்த ஒருவர். குரலில் சந்தோசம் இருந்தது. இதற்குச் சந்தோசப்படலாமோ என்ற தயக்கமும் கூடவே இருந்தது. ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு உடற்பயிற்சி படிப்பித்த மாஸ்டரும் அங்கே இருந்தார். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நேரம் என்னவாம்?"

ரேடியோவில் நேரம் சொல்லவில்லை. 22.28 செக்கன் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. இரண்டாவதாக வந்த பஹாமாஸ் வீராங்கனை போலின் டேவிஸ் தொம்சனின் நேரம் 22.27. முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007 இல் ஒப்புக்கொண்டார். பதக்கம் பறிபோனது. 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது, தங்கம் பஹாமாஸுக்குப் போனது. ஆக, இலங்கைக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைக்காமல் போனது ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கால். மாஸ்டர் கேட்டது சரியான கேள்விதான்.

நாட்டின் பதக்க வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக வென்றவர்களின் பெயரை வரிசையாக அடுக்குவார்கள். வன்னியில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்த வரிசை அவ்வளவு உதவாது, அதில் எங்கள் ஊர்ப் பெயர் இல்லை. எந்தப் பதக்கம் எந்த மைதானத்தில், யாருடைய சம்பளத்தில் விளைந்தது என்று பார்த்தால் கொஞ்சம் விளங்கும்.

ஒலிம்பிக் கணக்கு சின்னது. 1948 லண்டன் தொடங்கி 2024 பாரிஸ் வரை, 1976 மொன்றியலை விட்டால், எல்லாக் கோடைகால ஒலிம்பிக்குக்கும் இலங்கை ஆள் அனுப்பியிருக்கிறது. கிடைத்தவை இரண்டு வெள்ளி. இரண்டுக்கும் நடுவில் 52 வருடம்.

முதலாவது டங்கன் வைற்றுடையது. 1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது, யூலையில் ஏழு பேர் கொண்ட அணி லண்டன் போனது. 31 ஆம் திகதி வெம்பிளியில், நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி அழுத்திய பாதையில், 400 மீற்றர் தடைதாண்டல் இறுதி. அமெரிக்கரான ரோய் கொக்ரன் 51.1 செக்கனில் முதலாவது, வைற் 51.8 இல் இரண்டாவது. 1950 இல் ஓக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் (இன்றைய பொதுநலவாய விழா) அவர் தங்கமே வென்றார். அதற்கு முன்னமே, 1938 இல் சிட்னியில் பார்னி ஹென்ரிகஸ் குத்துச்சண்டையில் தங்கம் வென்றிருந்தார். அந்த விழாக்களில் இலங்கையின் முதல் தங்கம் அதுதான்.

வைற் படித்தது கண்டி திரித்துவக் கல்லூரியில். அந்தத் தலைமுறை பெரும்பாலும் இப்படித்தான் வந்தது. வெள்ளைக்காரன் தன் நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து இங்கே கட்டிய கல்லூரிகள், அவற்றின் பெரிய புல் மைதானங்கள், ஓட்டமும் குத்துச்சண்டையும் படிப்போடு சேர்ந்தவை என்ற பழக்கம். மிஷன் பள்ளிக்கூடங்கள் நிறைந்த யாழ்ப்பாணத்திலும் அந்தப் பழக்கம் இருந்தது. அங்கே இருந்து வந்தவர்தான் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

இவரிடம் கொஞ்சம் நிற்கவேண்டும். பெரியவிளானில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 17 வயதில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார். 1956 இல் மெல்பேர்ணுக்கும் போனார். 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை வென்ற முதல் தங்கம் அது. முதுகைக் கீழே போட்டுப் பாய்கிற பொஸ்பரி பாணி உலகத்துக்குத் தெரியவர இன்னும் பத்து வருடம் இருந்தது. விழுகிற இடத்தில் மெத்தை கிடையாது, மணல்தான்.

திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டோக்கியோ விழா மே 24 இல் தொடங்கி யூன் 1 இல் முடிந்தது. 1958 இனக்கலவரம் மே 22 வாக்கில் தொடங்கியது, 27 ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. தமிழர் ஒருவர் இலங்கைக் கொடியை நெஞ்சில் குத்திக்கொண்டு நாட்டின் முதல் ஆசியத் தங்கத்துக்குப் பாய்ந்த அதே நாட்களில், கொழும்பில் அடிவாங்கிய தமிழர்கள் அகதி முகாம்களில் இருந்தார்கள். பிறகு கப்பலில் வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கலவரத்துக்கும் 1977 கலவரத்துக்கும் பிறகு தெற்கில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் வந்து வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் பள்ளிக்கூடங்களில் ஓடுகிறார்கள். எதிர்வீரசிங்கம் 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்றார். 2024 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அவருக்குப் பிறகு ஆசிய விளையாட்டு விழாவில் மெய்வல்லுநர் (ஓட்டம், பாய்தல், எறிதல்) தங்கம் வென்ற தமிழர் இலங்கையில் இல்லை.

அவருக்குப் பின்னால் வந்ததை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். 1970 இல் பாங்கொக்கில் லூசியன் ரோசா 5,000 மீற்றரிலும் 10,000 மீற்றரிலும் தங்கம். 1998 இல் அதே பாங்கொக்கில் தமயந்தி தர்ஷா 200, 400 இரண்டிலும், சுகத் திலகரத்ன 400 இலும் தங்கம். 2002 இல் பூசானில் சுசந்திகாவும் தமயந்தியும் ஆளுக்கொன்று. 2006 மெல்பேர்ண் பொதுநலவாய விளையாட்டு விழாவில் பாரம் தூக்கலில் சிந்தன விதானகே ஒன்று. 2014 இல் கிரிக்கெட் அணி ஆசிய விழாவில் தங்கம் வென்றது. அப்புறம் 2018 இல் ஜகார்த்தாவில் ஒரு வெண்கலம்கூட இல்லை. தெற்காசிய விளையாட்டு விழா என்று வந்தால் மட்டும் அள்ளிக்கொண்டு வருவோம், 2019 இல் நேபாளத்தில் 40 தங்கம். அது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஓடி வெல்வது மாதிரி. குறை சொல்லவில்லை, ஆனால் அதை வைத்து ஒலிம்பிக்கை அளக்கக்கூடாது.

சரி, இதில் வன்னி எங்கே?

வன்னியின் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை வயதில் சின்னவை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1930களில் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். வவுனிக்குளம் திருத்தப்பட்டு ஆட்கள் குடியேறியது 1950களில். இலங்கை முதல் ஒலிம்பிக்குக்குப் போனபோது கிளிநொச்சி என்றொரு மாவட்டமே இல்லை. 1984 இல்தான் அது யாழ்ப்பாணத்தில் இருந்து பிரிந்தது. குடியேற்ற ஊரில் முதலில் வாய்க்கால் வரும், பிறகு பிள்ளையார் கோயில், பிறகு கிடுகுக் கொட்டிலில் பள்ளிக்கூடம். மைதானம் என்பது கட்டடத்துக்கு எடுத்த காணியில் மிஞ்சிய துண்டு.

அந்தத் துண்டின் அளவுதான் விசயம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தை மாதத்துக்குப் பிறகு இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். மூன்று இல்லம், மூன்று நிறம், தென்னோலைச் சோடனை, குளுக்கோசு, வெட்டின தோடம்பழம், ஒலிபெருக்கியில் ஓயாமல் கதைக்கிற ஒரு ரீச்சர். முதல்நாள் பின்னேரம் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் கோடு போடுவார்கள். விடிய மாடு புகுந்து பாதிக் கோட்டை அழித்திருக்கும். ஒரு சுற்று 200 மீற்றர்தான் வரும், அதற்கு மேல் இடமில்லை.

முறையான ஓடுதளத்தின் சுற்று 400 மீற்றர், வளைவின் ஆரை 36.5 மீற்றர். அதில் 200 மீற்றர் ஓடுகிறவர் ஒரு அகன்ற வளைவு, ஒரு நீள நேர்ப்பாதை என்று ஓடுவார். எங்கள் பிள்ளை அதே 200 ஐ முழுச்சுற்றாக, இரண்டு குறுகிய வளைவில் ஓடும். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைக்காவிட்டால் சறுக்கி விழவேண்டியதுதான். வேகத்தைக் குறைத்து ஓடிப் பழகிய உடம்பு அது. வெறுங்காலில் ஓடிய அந்தப் பிள்ளை வலயத்தில் வென்று, மாகாணத்தில் வென்று, தேசியப் போட்டிக்காக இரவு பஸ் ஏறி, முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் குலுங்கிக் கொழும்பு சுகததாச மைதானத்தில் இறங்கும். யாரோ இரவல் கொடுத்த ஆணிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முதல்முறையாகச் செயற்கைத் தளத்தில் கால் வைக்கும். தளம் காலைத் திருப்பித் தள்ளும். அறுபதாவது மீற்றரில் கெண்டைக்கால் பிடிக்கும். பக்கத்துப் பாதையில் ஓடுகிற பிள்ளை அந்தத் தளத்தில் கிழமைக்கு நாலு நாள் ஓடுகிறது.

டங்கன் வைற்றின் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டால் இன்னும் கஷ்டம். 400 மீற்றர் தடைதாண்டலில் ஒரு பாதைக்குப் பத்துத் தடை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 35 மீற்றர். இடையில் எத்தனை எட்டு வைப்பது என்பதைத்தான் வருடக்கணக்கில் பழகுவார்கள். 200 மீற்றர்ச் சுற்றில் அந்த 35 எப்போதும் வளைவின் நடுவில் வந்து மாட்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் தடை என்று இருந்தது பூவரசம் தடியில் அறைந்த நாலு சட்டம்தான்.

வடக்கில் இருந்து தேசிய அளவில் தெரியவந்த பெயர்கள் எந்த நிகழ்ச்சிகளில் வந்தன என்று பாருங்கள். எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தல். கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகளை வைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி. வலைப்பந்தில் தர்ஜினி சிவலிங்கம். பாய்கிறவருக்கு முப்பது மீற்றர் ஓடுபாதை, இரண்டு கம்பம், ஒரு குழி போதும். வலைப்பந்துக்கு ஒரு துண்டு நிலமும் இரண்டு வளையமும். இவற்றோடு விடாப்பிடியான ஒரு ஆசிரியர் இருந்தால் பிள்ளை மேலே வந்துவிடும். நீளமான பாதை தேவைப்படும் ஓட்டங்களில்தான் நாங்கள் இல்லை. எங்கள் பிள்ளைகளின் காலில் குறை ஒன்றும் இல்லை, இடம்தான் இல்லை.

யுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் தொடங்கும்போது நினைத்தேன். ஆனால் விழாக்களின் திகதிகளைத் தேடத் தேட அது தானாகவே பக்கத்தில் வந்து உட்காருகிறது. 1996 யூலை 18 விடியப்புறம் முல்லைத்தீவு இராணுவ முகாம் மீதான புலிகளின் தாக்குதல் தொடங்கியது, 19 ஆம் திகதி அட்லாண்டா ஒலிம்பிக் தொடங்கியது. 26 ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சியை நோக்கி 'சத்ஜய' நடவடிக்கையைத் தொடங்க, ஊரே அக்கராயன், மல்லாவி என்று இடம்பெயர்ந்தது. 2006 ஓகஸ்ட் 11 இல் வன்னியைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடப்பட்டது, 14 இல் வள்ளிபுனத்தில் விமானக் குண்டுவீச்சில் உயர்தர மாணவிகள் பலர் இறந்தார்கள், 18 இல் கொழும்பில் பத்தாவது தெற்காசிய விளையாட்டு விழா வாணவேடிக்கையோடு தொடங்கியது. 2008 ஓகஸ்டில் பீஜிங் ஒலிம்பிக் நடந்தபோது துணுக்காய், மல்லாவிச் சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத் தகரத்தையும் கட்டிலையும் ஏற்றிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

ஓட்டக்காரர் உருவாகிற வயது, தாராளமாகக் கணக்குப் போட்டால், 12 இல் இருந்து 22 வரை. கிளிநொச்சியில் 1984 இல் பிறந்த பிள்ளைக்கு 1996 இல் 12 வயது, அந்த வருடமே இடப்பெயர்வு. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்து கொழும்புக்குப் போக வழி வந்தபோது வயது 18, அடுத்த ஊர்க்காரர் ஆறு வருடம் முன்னே போய்விட்டார். 1992 இல் பிறந்த பிள்ளைக்கு சமாதான காலத்தில் நாலைந்து வருடம் கிடைத்தது. நல்லாய் ஓடத் தொடங்கிய 16 வயதில் 2008. 17 வயதில், இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசை. இரண்டு தலைமுறை அந்தப் பத்து வருடத்தை இழந்திருக்கிறது. திரும்பி வந்தபோது சில மைதானங்களில் முகாம் இருந்தது, சில மைதானங்களில் 'கண்ணிவெடி' என்ற சிவப்புப் பலகை இருந்தது.

மைதானம் கிடைத்தாலும் பிரச்சினை முடியாது, அடுத்தது சம்பளம். இதைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. இலங்கையின் தேசிய மெய்வல்லுநர் போட்டி முடிவுகளை எடுத்து, வென்றவர்களின் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இராணுவம், கடற்படை, விமானப்படை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இலங்கை அனுப்பிய ஆறு பேரில், 400 மீற்றரை 44.99 செக்கனில் ஓடி அரையிறுதிக்குப் போன அருண தர்சனவும், ஈட்டி எறிந்த நதீசா டில்ஹானி லேகம்கேயும் இராணுவ அணிக்காரர்கள்.

இது ஏதோ சதி என்று நினைக்கவேண்டாம். பள்ளிக்கூடம் முடித்த 19 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று நேரம் நல்ல சாப்பாடு, பயிற்றுநர், காயம் பட்டால் வைத்தியம், போட்டிக்குப் போக லீவு, வீட்டுக்கு அனுப்பச் சம்பளம் எல்லாம் வேண்டும். இவ்வளவையும் ஒரே இடத்தில் கொடுக்கிற நிறுவனம் இந்த நாட்டில் படைகள்தான். கம்பஹாவிலோ குருநாகலிலோ விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அது கௌரவமான அரசாங்க வேலை. புதுக்குடியிருப்பில் ஒரு தாயிடம் போய் "உங்கட மகன் நல்லா ஓடுறான், ஆமியில சேர்த்துவிடுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். ஆக, எங்கள் பிள்ளையின் ஓட்டம் உயர்தரப் பரீட்சையோடு முடிந்துவிடும். பிறகு ஆடைத் தொழிற்சாலை, மேசன் வேலை, கட்டார்.

படைக்குப் பதிலாக எங்களிடம் இருப்பது வெளிநாட்டுக் காசு. பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளை, லண்டன் கிளை. குறை சொல்லக்கூடாது, சப்பாத்தும் சீருடையும் வருவது அவர்களால்தான். ஆனால் அவர்களுக்குப் பார்வையாளர் மண்டபம் கட்டப் பிடிக்கும். மண்டபத்தில் பெயர்ப் பலகை வைக்கலாம். ஒரு பயிற்றுநருக்கு ஐந்து வருடச் சம்பளம் கொடுத்தால் எங்கே பலகை வைப்பது?

யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கு இந்தியக் காசில் திருத்தப்பட்டு 2016 இல் திறக்கப்பட்டது. கிளிநொச்சியில் யுத்தம் முடிந்த கையோடு தொடங்கிய விளையாட்டுத் தொகுதி வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அதற்குள் நாடு பெரிய கனவொன்று கண்டது: 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவை அம்பாந்தோட்டையில் நடத்தப் போகிறோம் என்று விண்ணப்பித்தது. 2011 நவம்பரில் வாக்கெடுப்பு, கோல்ட் கோஸ்டுக்கு 43, அம்பாந்தோட்டைக்கு 27. தோற்றதற்காக வன்னியில் யாரும் அழவில்லை. அன்றைக்கும் மெனிக் பாம் முகாமில் சனம் இருந்தது, அது மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்.

2022 இல் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விழாவுக்குப் போன இலங்கை அணியில் பத்துப் பேர் திரும்பி வராமல் காணாமல்போனபோது பத்திரிகைகள் வெட்கக்கேடு என்று எழுதின. அந்த விழாவில்தான் யுபுன் அபேகோன் 100 மீற்றரில் வெண்கலம் வென்றார், அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பொருளாதாரம் குப்புற விழுந்த வருடம் அது. வெளிநாடு போய்த் திரும்பி வராமல் இருப்பதில் எங்கள் ஆட்களுக்கு நாற்பது வருட அனுபவம் உண்டு. அந்தச் செய்தியை வாசித்து இங்கே பலர் சிரித்தார்கள்.

இலங்கை உண்மையில் உலகத் தரத்தில் நிற்பது மாற்றுத்திறனாளிகளின் பராலிம்பிக்கில். 2012 லண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றரில் வெண்கலம் வென்றார், நாட்டின் முதல் பராலிம்பிக் பதக்கம். 2016 றியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டி எறிதலில் வெண்கலம் வென்றார். அவரே 2021 ஓகஸ்டில் டோக்கியோவில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். எந்த ஒலிம்பிக் மேடையிலும் இலங்கைக் கீதம் தங்கத்துக்காக ஒலித்தது அப்போதுதான் முதல்தடவை. துலான் கொடிதுவக்கு டோக்கியோவில் வெண்கலம், 2024 பாரிஸில் வெள்ளி. எல்லோரும் இராணுவத்தினர். சஞ்சயவும் பிரியந்தவும் யுத்தத்தில் கை பாதிக்கப்பட்டவர்கள்.

பிரியந்தவின் எறிதலைக் கைபேசியில் பலதடவை பார்த்திருக்கிறேன். அழகான எறிதல், அதில் எந்த வஞ்சகமும் இல்லை. ஆனால் பார்க்கிறபோது என் மனம் வேறொரு கணக்கும் போடுகிறது. அந்தக் கடைசி யுத்தம் எந்த மண்ணில் நடந்ததோ அந்த மண்ணில், கையோ காலோ இழந்த ஆயிரக்கணக்கானோர் சாதாரண சனமாக இருக்கிறார்கள். விசுவமடுவில் பெட்டிக்கடை வைத்திருக்கிறவர், முள்ளிவாய்க்காலில் வலை பின்னுகிறவர், தருமபுரத்தில் தையல் மெசினை ஒற்றைக் காலால் மிதிக்கிறவர். பராலிம்பிக்கில் F என்றால் எறிதல், T என்றால் ஓட்டமும் பாய்தலும். பக்கத்தில் வரும் எண் எந்த உறுப்பில் எவ்வளவு பாதிப்பு என்பதைக் காட்டும். அந்த எண்களில் பலவற்றுக்குரிய ஆட்கள் எங்கள் ஒரே கிராமத்தில் கிடைப்பார்கள்.

கிடைக்காதது மற்றது. காயம்பட்ட படைவீரனுக்கு முகாமில் பயிற்சி இருக்கிறது, பயிற்சி செய்தாலும் சம்பளம் வருகிறது. இங்கே ஒருவருக்குத் தருகிற செயற்கைக் கால் வீட்டுக்கும் வயலுக்கும் நடக்க. சேற்றில் இறங்கினால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும். ஓடுவதற்கென்று தகடு மாதிரி வளைத்துச் செய்கிற கால் வேறு சாமான். அதைக் கண்டவர்கள் இங்கே ஐந்து பேர் இருந்தால் அதிகம். ஈட்டி எறிய ஒரு கை போதும், உட்கார்ந்து குண்டு போட ஒரு இரும்புக் கதிரையை நிலத்தில் கட்டினால் போதும். ஒலிம்பிக் ஓட்டத்தில் எங்களை மறித்த பெரிய மைதானம் இதற்குத் தேவையே இல்லை. வன்னியில் இருந்து உலக மேடைக்கு மிகக் கிட்டிய வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதை மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவரிடம் சொன்னபோது, "நல்ல யோசனை, ஒரு கடிதம் தாங்கோ" என்றார். கொடுத்தேன். கடிதம் இருக்கிறது.

படையில் சேராமலும் பதக்கம் விளையும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2023 ஒக்டோபரில் ஹாங்சூ ஆசிய விழாவில் தருஷி கருணாரத்ன 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். 2002 க்குப் பிறகு ஆசிய விழாவில் இலங்கைக்கு மெய்வல்லுநர் தங்கம் அதுதான். அவர் வந்தது கண்டி மாவட்டத்தில் வலல ரத்னாயக்க மத்திய கல்லூரியில் இருந்து. கொழும்பின் பெரிய கல்லூரி கிடையாது, கிராமத்து மத்திய கல்லூரி. அங்கே நடந்தது பெரிய இரகசியமில்லை: ஒரே பள்ளிக்கூடம், வருடக்கணக்கில் மாறாத பயிற்சி, பிள்ளைகள் தங்கிப் பயில ஒழுங்கு. வன்னியில் ஆசிரியர்களில் பலர் யாழ்ப்பாணத்தில் இருந்து வெள்ளாப்பில் பஸ் ஏறி வருகிறவர்கள், இரண்டு மணிக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். ஓட்டப் பயிற்சிக்குரிய வெயில் தணிகிற நேரம் நாலு மணி.

ஆனாலும் இங்கே ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் முள்ளியவளை அகிலத்திருநாயகி இரண்டு தங்கம் வென்று வந்தார். வயது 72.

போன வருடம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போனேன். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் 200 மீற்றர். பச்சை இல்லப் பிள்ளையொன்று, வெறுங்கால், இரண்டாவது வளைவில் மற்றவர்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்த இடத்தில் குறைக்காமல் திரும்பினாள். ஒரு கை நிலத்தில் படப்போய், படாமல் நிமிர்ந்து, நேர்ப்பாதையில் பதினைந்து மீற்றர் இடைவெளியில் தனியாக வந்து சேர்ந்தாள். நான் எழும்பி முடிவுக்கோட்டுக்குப் போய், கதிரையில் இருந்த நடுவரிடம் கேட்டேன்.

"நேரம் என்ன?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நேரம் எடுக்கேல்ல அண்ணை. முதலாம், இரண்டாம், மூண்டாம் இடம் மட்டும்தான் எடுத்தது."